மணற்பேரையில் நடை மாறிய விவரம்

2024ஆம் வருஷம் தை மாதம் ஒன்பதாம் தேதி, செவ்வாய்க்கிழமை காலை எட்டேகால் மணிக்கு, மணற்பேரை ராமானுஜன் சுவாமி, மளிகைக்கடை வீரபாகு அண்ணாச்சியின் நடையோடும், வீரபாகு அண்ணாச்சி ராமானுஜன் சுவாமியின் நடையோடும் வீடு திரும்பினார்கள். அன்றைக்குத் தக்காளி கிலோ முப்பது ரூபாய், சின்ன வெங்காயம் அறுபது. முகம், குரல், மூக்குக் கண்ணாடி, வேட்டி எல்லாம் அவரவருடையதாகவே இருந்தன. நடை மட்டும்தான் மாறியிருந்தது. முதலில் கவனித்தது தெற்குத் தெரு நாய். அது அண்ணாச்சியைக் கண்டால் வாலாட்டும், சுவாமியைக் கண்டால் எழுந்து ஒதுங்கும். அன்றைக்கு அண்ணாச்சியின் முகத்தைப் பார்த்து வாலாட்டத் தொடங்கி, காலைப் பார்த்ததும் நிறுத்தி, கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, இருவருக்கும் பொதுவாக ஒரு தடவை குரைத்து மறுபடி படுத்துக்கொண்டது.

மற்ற ஊரில் இரண்டு பேர் நடை மாறினால் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். இங்கே விஷயம் வேறு. ராமானுஜன் சுவாமி வழித்துணைப் பெருமாள் கோயிலில் ஸ்ரீபாதம் தாங்குகிறவர். அதாவது, பெருமாள் வீதி புறப்படும்போது தோளுக்கினியான் என்கிற பல்லக்கைத் தூக்கும் பன்னிரண்டு பேரில் ஒருவர். ஒருவர் என்றுகூடச் சொல்லக் கூடாது, முன்தண்டு வலது தோள் அவருடையது. அந்தத் தோள் எப்படிப் போகிறதோ அப்படித்தான் மற்ற பதினோரு பேரும் போவார்கள், அப்படித்தான் பெருமாளும் போவார். குகையிலிருந்து வரும் சிங்கம்போல எட்டு அடி விறுவிறுவென்று வந்து, நின்று, இடமும் வலமும் அசைந்து, இரண்டடி பின்வாங்கி, மறுபடி பாய்வதற்குச் சிம்மகதி என்று பெயர். பத்தொன்பது வயதிலிருந்து முப்பத்து மூன்று வருஷம் இதே வேலையாக இருந்ததில், பால் வாங்கப் போனாலும் சுவாமிக்குச் சிம்மகதிதான். வீரபாகு அண்ணாச்சியின் நடையோ ஊருக்கே தெரிந்தது. வயிறு முன்னே போகும், ஆள் பின்னே வருவார். இடது கை வேட்டி நுனியைப் பிடித்திருக்கும். பத்தடிக்கு ஒரு தடவை நின்று, கழுத்தை நீட்டி, அது கடையோ வீடோ, உள்ளே என்ன இருக்கிறது என்று நிதானமாகப் பார்ப்பார். போட்டிக் கடைகளில் என்ன சரக்கு இறங்கியிருக்கிறது என்று பார்த்துப் பார்த்து வந்த பழக்கம் அது. பார்த்து முடித்து ஒரு ‘ம்’ போட்டுவிட்டுத்தான் அடுத்த அடி.

இவர்கள் இருவரும் சேர்ந்து நடக்கப் போனதற்குக் காரணம் தூத்துக்குடி சர்க்கரை டாக்டர் கிருபை. அந்த அம்மாள் மாத்திரைச் சீட்டில் மாத்திரை எழுதுவதற்கு முன்னால் ‘நடை’ என்று எழுதி, அதன் கீழே இரண்டு கோடு போடுவார். மணற்பேரையில் நாற்பது வயதைத் தாண்டியவர்களில் பாதிப் பேரிடம் அந்தச் சீட்டு இருந்தது. ரிட்டயரான கணக்கு வாத்தியார் சுதர்சனம் சார், இவ்வளவு பேர் பஸ் ஸ்டாண்டைச் சுற்றிச் சுற்றி நடந்தால் பஸ் எங்கே நிற்கும் என்று யோசித்து, ஏழரை கிலோமீட்டரில் ஒரு வட்டப் பாதை போட்டுக் கொடுத்தார். பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் தொடங்கி, பனைவிளை வழியாகச் செம்மணல் மேடான தேரியின் ஓரம் பிடித்து, சுண்ணாம்புப் பாறைக்கு ஏறி, குளக்கரையாக மறுபடி டீக்கடைக்கே வந்து சேரும் பாதை. இடமிருந்து வலமாகத்தான் போக வேண்டும் என்று சார் சொல்லவே இல்லை. சொல்லாமலே எல்லாரும் வலமாகத்தான் போனார்கள், கோயில் இருக்கிற ஊர் என்றால் கால் வேறு பக்கம் திரும்புமா?

அந்தச் சுண்ணாம்புப் பாறையில் இரண்டு புடவுகள் உண்டு. குகையை இந்தப் பக்கம் புடவு என்போம். முதலாவது விழுங்கான் புடவு. கள்ள ஓடை என்கிற ஓடை அதற்குள்ளே நுழைந்து, கணுக்கால் ஆழத்தில் நாற்பதடி ஓடி, ஒரு ஓட்டைக்குள் இறங்கிக் காணாமல் போகும். ஒன்றரை கிலோமீட்டர் தள்ளிக் கக்கான் புடவில் வெளியே வரும். நடுவில் எங்கே போகிறது, என்ன செய்கிறது என்று யாருக்கும் தெரியாது. கேட்டுக்கொள்ளவும் இல்லை. முந்தின மார்கழியில் பெய்த பெருமழையில் விழுங்கானின் உள்ளே ஒரு பக்கச் சுவர் இடிந்து, ஆள் குனிந்து வெளியே போகும் அளவுக்கு வழி திறந்தது. சுதர்சனம் சார் உடனே பாதையைப் புடவுக்குள்ளேயே திருப்பிவிட்டார். வாசல் பாறையில் நேராகப் போகவும் என்பதற்கு அடையாளமாகச் சுண்ணாம்பில் ஓர் அம்புக்குறி வரைந்தார். மிச்சமிருந்த சிவப்புப் பெயின்டை வீணாக்குவானேன் என்று நடுவில் ஒரு சிவப்புக் கோடும் இழுத்தார். இரண்டு வெள்ளைக் கோடு, நடுவே ஒரு சிவப்புக் கோடு. மணற்பேரைக்காரன் கண்ணுக்கு அது என்னவாகத் தெரியும்? மறுநாளே யாரோ ஒருவர் அந்த நாமத்துக்கு இரண்டு துளசி வைத்துவிட்டுப் போனார். அதற்கப்புறம் செருப்போடு உள்ளே போக யாருக்கு மனசு வரும். செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, வெறுங்காலோடு தண்ணீரில் இறங்கினார்கள். ஈரக்காலில் செருப்புப் போட்டால் தேரி மணல் அறுக்கும் என்று கக்கான் புடவுவரை அப்படியே நடந்து, அங்கே காலைக் கழுவிச் செருப்பை மாட்டிக்கொண்டார்கள். தப்பு நடந்தது அங்கேதான்.

விழுங்கான் தண்ணீர் வெறுங்காலைத் தொட்டால் காலிலிருக்கும் நடையைக் கழுவிக்கொண்டு போய்விடும். போன நடை ஓடையோடு பூமிக்குள் இறங்கி, போன வரிசையிலேயே கக்கானில் வெளியே வரும். அங்கே யார் முதலில் காலை வைக்கிறாரோ அவருக்கு முதலில் வந்த நடை. இறங்கிய வரிசையிலேயே கழுவியவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. தை ஒன்பதாம் தேதி விழுங்கானில் முதலில் இறங்கியது ராமானுஜன் சுவாமி. கக்கானில் முதலில் காலைக் கழுவியது, கடை திறக்க நேரமாகிறது என்று முந்திக்கொண்டு ஓடிய வீரபாகு அண்ணாச்சி. முடிந்தது கதை. இரண்டு புடவுக்கும் நடுவிலிருக்கும் ஒன்றரை கிலோமீட்டரை நடையே இல்லாமல் எப்படிக் கடந்தார்கள் என்று கேட்டால், இன்றைக்கும் இருவரும் வெயில் நன்றாக இருந்தது என்று மட்டும்தான் சொல்லுகிறார்கள்.

அடுத்த ஒரு வாரம் அண்ணாச்சி பட்ட பாட்டை எழுதினால் நோட்டு தாங்காது. வீட்டுக்கும் கடைக்கும் முந்நூறு அடி. அதைக் கடக்க அவருக்கு அரை மணி நேரம் ஆயிற்று, எட்டடி போனால் இரண்டடி பின்வாங்க வேண்டுமே. துவரம்பருப்பு நிறுக்கப் போனவர் மூட்டைவரை பாய்ந்து போய், நின்று, இரு பக்கமும் அசைந்து, பின்வாங்கி, மறுபடி பாய்ந்தார். அரைக் கிலோ கேட்டு வந்தவர்கள் தங்களை அறியாமல் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். தூத்துக்குடிக்குச் சரக்கு எடுக்கப் போன இடத்தில் மூட்டை தூக்குகிறவர்கள் வழிவிட்டு ஓரமாக நின்றார்கள். அண்ணாச்சிக்கு முதலில் மானம் போனது. இரண்டாவது வாரம் அவ்வளவு மோசமில்லை என்று தோன்றியது. மூன்றாவது வாரம் வெள்ளை வேட்டிக்குப் பதில் கரை வைத்த வேட்டி கட்டிக்கொண்டு கிளம்பினார்.

சுவாமியின் பாடுதான் பாடு. எந்த வீட்டையும் ஏறெடுத்துப் பார்க்காத மனிதர், இப்போது பத்தடிக்கு ஒரு தடவை நின்று, யார் வீட்டு வாசலாக இருந்தாலும் கழுத்தை நீட்டி உள்ளே பார்த்து, ‘ம்’ என்றார். வேண்டாம் வேண்டாம் என்று மனசு சொல்லும்போதே கழுத்து நீண்டது. நான்காம் நாள் அவர் மனைவி ஆதிலக்ஷ்மி மாமி கதவைச் சாத்திவிட்டுக் கேட்டாள்.

“ஏன்னா, அடுத்தாத்து அடுக்களையை எட்டிப் பாக்கறேளாமே. என்ன குழம்புன்னு கேட்டேளாம்.”

“கேக்கலை. பார்த்தேன், அவ்வளவுதான்.”

“பார்த்து என்ன குழம்பு?”

“வத்தக்குழம்பு,” என்று சொல்லிவிட்டுச் சுவாமி முகத்தை மூடிக்கொண்டார்.

மாசி பிறப்பதற்குள் இன்னொரு ஜோடியும் மாறியது. தூத்துக்குடித் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ரிட்டயரானவர் ரோச். கீழவைப்பார்க்காரர், சின்ன வயதில் வள்ளத்தில் கடலுக்கு மீன்பிடிக்கப் போன உடம்பு. மகளைப் பார்க்க வந்த இடத்தில் ஒரு நாள் சுதர்சனம் சாரோடு நடக்கப் போனார். திரும்பும்போது ரோச் கணக்கு வாத்தியாரைப்போல அளந்து அளந்து அடி வைத்தார். சார் இரண்டு காலையும் அகட்டி, ஆடும் வள்ளத்தில் நிற்கிறவரைப்போலச் சாய்ந்து சாய்ந்து வந்து, பஸ் ஸ்டாண்டில் வாந்தி எடுத்தார். தரையில் நடந்து கடல் நோய் கண்ட முதல் ஆள் அவர்தான். ஆனாலும் கணக்கு வாத்தியார் இல்லையா, மூன்று நாள் கட்டிலில் படுத்தபடியே யார் எப்போது இறங்கினார்கள், யார் எப்போது கழுவினார்கள் என்று நோட்டில் எழுதிப் போட்டுப் பார்த்து, விஷயத்தைக் கண்டுபிடித்துவிட்டார். மறுபடி ஒரு தடவை இறங்கி, வரிசையை மாற்றிக் கழுவினால் சரியாகிவிடும். நான்கு பேரும் விடிந்ததும் விடியாததுமாகப் பாறைக்குப் போனார்கள். கள்ள ஓடை காணவில்லை. மாசி பிறந்தால் அது அப்படித்தான், சொல்லாமல் கொள்ளாமல் போய்விடும். இனி ஐப்பசி மழைக்குத்தான் வரும். ரோச் வறண்ட மணலில் உட்கார்ந்து, “வாத்தியாரே, எம்புட்டு நல்ல நடை வச்சிருந்தேன். பாத்து வச்சுக்கிடுங்க, என்ன,” என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினார்.

மற்ற மூவருக்கும் இது எட்டு மாதத் தொந்தரவு, பொறுத்துக்கொள்ளலாம். சுவாமிக்கு அப்படி இல்லை. பங்குனி உற்சவத்துக்கு ஐந்து வாரம்தான் இருந்தது. முன்தண்டு ஒரு வருஷம் கைமாறினால் திரும்பி வராது, அது அந்தக் கோயிலின் வழக்கம். தோள் கொடுத்தவனுக்குத்தான் தோள். சுவாமியின் பங்காளி மகன் நரேன் சென்னைக் கம்பெனி வேலையை வீட்டிலிருந்தே பார்த்துக்கொண்டு, ஜிம்முக்குப் போய்த் தோளை இரண்டு பங்காக வளர்த்து வைத்திருந்தான். கெட்ட பிள்ளை இல்லை. “பெரியப்பா, ஒரு வருஷம் ரெஸ்ட் எடுத்துக்கோங்கோ,” என்று அன்பாகத்தான் சொன்னான். அன்றைக்குச் சுவாமி சாப்பிடவில்லை. எனக்கு வேறென்ன தெரியும், வேதம் சொல்லத் தெரியாது, சம்பாதிக்கத் தெரியாது, தூக்கிண்டு நடக்க மட்டும்தான் தெரியும் என்று மாமியிடம் சொல்லி அழுதார்.

அதற்கப்புறம் அவர் செய்ததைத்தான் ஊர் வேடிக்கை பார்த்தது. தன் நடையைத் தானே கற்றுக்கொள்ள, காலையும் மாலையும் அண்ணாச்சியின் பின்னாலேயே போகத் தொடங்கினார். முன்னால் அண்ணாச்சி சிம்மம்போலப் பாய்ந்து பாய்ந்து போவார். பின்னால் சுவாமி வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டு, வீட்டுக்கு வீடு நின்று பார்த்து வருவார். எட்டாவது அடியில் அண்ணாச்சி பின்வாங்கும்போது இருவரும் முட்டிக்கொள்வார்கள்.

“அண்ணாச்சி, நிக்கறச்சே குதிகால் எங்கே இருக்கு? சொல்லுங்கோ.”

“சாமி, நான் என்னத்தக் கண்டேன். காலு அதுபாட்டுக்குப் போவுது, நான் மேல உக்காந்து வாரேன்.”

“என் நடையை வச்சுண்டு எனக்கே சொல்ல மாட்டேங்கறேளே.”

“நீங்க மட்டும் சொல்லுதீயளாக்கும். நேத்து எதுத்த கடையில என்ன சரக்கு இறங்கிருக்குன்னு கேட்டேன். பாத்துட்டு வந்து வாயத் தொறக்கலயே நீங்க.”

சுவாமி கொஞ்சம் தயங்கினார். “பொன்னி அரிசி. பதினெட்டு மூட்டை,” என்றார். அண்ணாச்சிக்கு அவர் மேல் அன்றைக்குத்தான் உண்மையான பிரியம் வந்தது. தானும் குனிந்து தன் காலைப் பார்த்து, குதிகால் இப்போது இங்கன, இப்போது அங்கன என்று அறிவிப்பு செய்துகொண்டே நடந்தார். ஐந்து வாரம் இப்படிப் போயிற்று. ஒரு அடிகூட ஒட்டவில்லை. சட்டையைக் கடன் வாங்கலாம், நடையை வாங்க முடியுமா?

பங்குனி ஐந்தாம் திருநாள் காலை ஏழு மணிக்குத் தோளுக்கினியான் கோயில் வாசலுக்கு வந்தது. நரேன் அங்கவஸ்திரத்தை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றான். பெரிய பட்டர் மேலே பெருமாளோடு நின்றபடி, யார் தோள் கொடுக்கப் போகிறார்கள் என்று கீழே பார்த்தார். சுவாமி யாரையும் பார்க்கவில்லை. வந்தார், குனிந்தார், முன்தண்டு வலதுபுறத்தைத் தோளில் வாங்கிக்கொண்டார். மனசுக்குள் எட்டு என்று எண்ணிக்கொண்டு அடியெடுத்து வைத்தார். கால் எண்ணவில்லை. வயிறு முன்னே போனது. பத்தாவது அடியில் சுவாமி நின்றார், சுவாமி நின்றதால் பதினோரு பேரும் நின்றார்கள். கழுத்து இடது பக்கம் நீண்டது, தோள் கூடவே திரும்பியது, தண்டு திரும்பியது, வழித்துணைப் பெருமாள் முதல் வீட்டு வாசலுக்கு நேரே திரும்பி உள்ளே பார்த்தார். நாதஸ்வரக்காரர் இருபதடி முன்னால் போய்விட்டு, பின்னால் யாரையும் காணோமே என்று வாசித்துக்கொண்டே திரும்பி வந்தார். யாரோ ஒருவர் சிரித்தார். சுவாமியின் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது, துடைக்கக் கை இல்லை.

அந்த முதல் வீட்டில் இடுப்பெலும்பு முறிந்து இரண்டு வருஷமாகப் படுக்கையில் கிடந்தாள் மாலினி. முப்பத்தைந்து வயது, ஸ்கூட்டியிலிருந்து விழுந்தவள். சிம்மகதியில் பெருமாள் வாசலைக் கடக்க இரண்டு வினாடிதான் ஆகும். படுக்கையிலிருந்து அவளுக்கு இத்தனை நாளாகக் கிடைத்தது குடையின் விளிம்பு மட்டும். அன்றைக்கு முழுப் பெருமாளும் நின்று அவளைப் பார்த்தார். அவளும் பார்த்தாள். ஒரு ‘ம்’ சத்தம் கேட்டது. அது சுவாமியின் தொண்டையிலிருந்து வந்ததுதான், ஆனால் மாலினி இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை. அடுத்த வீட்டிலும் நின்றார். அதற்கடுத்த வீட்டிலும். சைக்கிள் கடை, தையல் கடை, பூட்டிக் கிடந்த தபால் ஆபீஸ், எதையும் விடவில்லை. தெருவில் சிரிப்பு நின்றுபோய், ஜனங்கள் உள்ளே ஓடி, நடக்க முடியாதவர்களை நாற்காலியோடு தூக்கி வாசலுக்கு நேராக வைக்கத் தொடங்கினார்கள். வழக்கமாக எட்டரைக்குள் முடிகிற புறப்பாடு, தெற்குத் தெரு பாதிக்கு வரும்போதே மணி பதினொன்று.

வீரபாகு அண்ணாச்சியின் கடை வந்தது. அண்ணாச்சி ஊர்வலத்தின் முன்னால் கூட்டத்தோடு போயிருந்தார். கடையில் அவர் மனைவி முத்துக்கனி தெருவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, உள்ளே சாக்கு அடுக்கிக்கொண்டிருந்தாள். மேளக்காரர்கள் களைத்துப் போய்க் கொஞ்சம் நிறுத்தியிருந்த நேரம். தெருவில் காலடிச் சத்தம் மட்டும் கேட்டது. பத்தடி, ஒரு நிறுத்தம், ஒரு ‘ம்’. முப்பத்தோரு வருஷம் அந்தக் காலடிக்குச் சோறு போட்டவள். இரண்டு மாதமாக அது கேட்காமல் வீட்டுக்குள் யாரோ புது ஆள் நடமாடுவதுபோல இருந்தது என்று பின்னால் சொன்னாள். சத்தம் கடைப் படி வரைக்கும் வந்து நின்றது. முத்துக்கனி திரும்பிப் பார்க்கவில்லை.

“வந்தாச்சா. என்ன இம்புட்டு நேரம்? உள்ள வந்து உக்காருங்க, சாப்புட எடுத்து வைக்கேன்.”

சுவாமியின் கால் அங்கேயே நின்றுவிட்டது. பதினோரு பேரும் தள்ளிப் பார்த்தார்கள். நரேன் தன் இரண்டு பங்குத் தோளைக் கொடுத்துத் தள்ளிப் பார்த்தான். அசையவில்லை. சாப்பாடு என்று கூப்பிட்ட பிறகு அண்ணாச்சியின் நடை அந்த இடத்தை விட்டுப் போனதாகச் சரித்திரமே இல்லை. அப்போதுதான் முத்துக்கனி திரும்பினாள். வாசல் நிறையப் பெருமாள் நின்றார். கையிலிருந்த சாக்கைக் கீழே போட்டுவிட்டு, “ஐயோ, நீரா,” என்றாள்.

எல்லாரும் பெரிய பட்டரைப் பார்த்தார்கள். அவர் கோபக்காரர். மேலே நின்றபடி தெருவைத் திரும்பிப் பார்த்தார், நாற்காலியோடு வாசலில் இருந்தவர்களைப் பார்த்தார், கீழே அழுதுகொண்டிருந்த ராமானுஜன் சுவாமியைப் பார்த்தார்.

“முந்நூறு வருஷமா இந்தத் தெருவுல போயிண்டு வந்துண்டு இருக்கார். இத்தனை நாள்ல ஒருத்தர் அவரை உள்ளே வந்து உக்காருன்னு சொல்லலை,” என்றார். “கூப்பிட்டாச்சு. என்னம்மா இருக்கு?”

முத்துக்கனி கையைக் கழுவிக்கொண்டு வந்தாள். கடையில் இருந்ததைத்தான் கொடுத்தாள், ஓர் ஓலைக் கொட்டான் நிறையக் கருப்பட்டி, வாழைப்பழம், பொரிகடலை. பெருமாள் அமுது செய்யும்வரை பல்லக்கு கடை வாசலில் இறங்கியிருந்தது. முடிந்ததும் சுவாமியின் கால் தானாகவே கிளம்பியது. கோயிலுக்குத் திரும்பும்போது மணி இரண்டேகால். தோளைத் தண்டிலிருந்து எடுத்த சுவாமியின் காலில் நரேன் விழுந்து சேவித்தான்.

ஐப்பசியில் மழை பெய்து கள்ள ஓடை திரும்பி வந்தது. சுதர்சனம் சார் கீழவைப்பாரிலிருந்து ரோச்சை வரவழைத்து, முதல் நாளே தன் நடையை வாங்கிக்கொண்டு ஒரு முழுச் சாப்பாடு சாப்பிட்டார். சுவாமியும் அண்ணாச்சியும் மறுநாள் போனார்கள். விழுங்கான் வாசலில் இருவரும் செருப்பைக் கழற்றினார்கள். அண்ணாச்சி கரை வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, சுவாமி இறங்கட்டும் என்று காத்திருந்தார். சுவாமி தண்ணீரைப் பார்த்தபடி வெகுநேரம் நின்றார்.

“என்ன சாமி, எறங்கலியா?”

“மாலினி ஆத்துல இப்பவே கேக்கறா, வர்ற பங்குனிக்குக் கட்டிலை எந்தப் பக்கமாப் போட்டுக்கறதுன்னு.”

அண்ணாச்சி தூக்கிக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டார். “எனக்கும் இது பழகிட்டு. மூட்டைக்காரன் எவனும் எதுத்துப் பேசுகதில்ல,” என்றார். இருவரும் புடவுக்குள் நுழையாமல் பாறையைச் சுற்றிக்கொண்டு, வலமாகவே நடந்து டீக்கடைக்கு வந்தார்கள். அண்ணாச்சி முன்னால் பாய்ந்து போய், பின்வாங்கி, சுவாமி வந்து சேரும்வரை அசைந்துகொண்டு நின்றார்.

முன்தண்டு வலது தோள் இன்றைக்கும் ராமானுஜன் சுவாமியுடையதுதான். தோள் வைத்தியத்துக்கு மாதம் ஒரு தடவை தூத்துக்குடி போய் வருகிறார், பஸ் டிக்கெட் முப்பத்திரண்டு ரூபாய். 2026 பங்குனி உற்சவ அழைப்பிதழில், ஐந்தாம் திருநாளுக்கு நேரே, காலை 7 மணி தோளுக்கினியானில் புறப்பாடு, அண்ணாச்சி நடை, என்று அச்சடித்திருந்தார்கள். பெருமாள் திரும்பி வரும் நேரம் மட்டும் போடவில்லை.